தொடக்கப் பள்ளியில் செயலாய்வு: உண்மையில் எப்படிச் செய்கிறீர்கள்?

மூன்றாம் வகுப்பு டீச்சர் (திருவண்ணாமலை மாவட்டம்)

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், விருப்பமுள்ளவர்கள் இந்த ஆண்டு ஒரு செயலாய்வு, அதாவது தன் வகுப்புச் சிக்கல் ஒன்றுக்கு ஆசிரியரே தீர்வு தேடிச் செய்து பார்க்கும் ஆய்வு, செய்து தரலாம் என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். கையில் ஒரு படிவம் இருக்கிறது: தலைப்பு, சிக்கலின் பின்னணி, நோக்கங்கள், கருதுகோள், மாதிரி, கருவி, முன்தேர்வு, செயல்பாடுகள், பின்தேர்வு, புள்ளியியல் பகுப்பாய்வு, முடிவுகள், பரிந்துரைகள். ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் இருக்கிற பிரச்சினையை இந்தக் கட்டங்களுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பத்தியைச் சத்தமாக, தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுகிறார்கள். வாசித்து முடித்ததும் "நரி ஏன் திரும்பிப் போச்சு?" என்று கேட்டால், பத்தியில் நரி என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடி, அந்த வரியை அப்படியே திரும்ப வாசிக்கிறார்கள். அது விடையா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

"மூன்றாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

நல்வரவு டீச்சர். நான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் இந்த நிறுவனங்கள் மாவட்டந்தோறும் வந்தன. செயலாய்வு செய்வதும் ஆசிரியர்களைச் செய்ய வைப்பதும் அவற்றின் பணிகளில் ஒன்று. நீங்கள் சொல்கிற படிவம் எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் தலைப்பைக் கீழே வையுங்கள். நரி பற்றி எழுதிய அந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு அதில்தான் இருக்கிறது. "வாசிப்புத் திறன்" என்பதற்குள் எழுத்தறிதல், சொல்லறிதல், வேகம், பொருளுணர்தல் எல்லாம் அடங்கும். எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் ஒரு பருவத்தில் மேம்படுத்த முடியாது. "கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியையே வாசிக்கிறார்கள்" என்பது ஒரு பழக்கம். கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், மாறுகிறதா என்றும் சொல்லிவிடலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் படிவத்தின் மேல் இருக்கிற பயம் கொஞ்சம் குறையும். குர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் 1946-இல் எழுதிய கட்டுரையில் திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று உண்மைகளைத் திரட்டு, அதை வைத்துத் திட்டத்தைத் திருத்து என்று ஒரு சுழலைச் சொன்னார். அமெரிக்காவில் ஸ்டீபன் கோரி 1953 வாக்கில் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970களில் ஒரு படி மேலே போய், ஆசிரியரே ஆய்வாளர் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ வந்து வகுப்பைப் படித்துவிட்டுப் போவது போதாது, வகுப்பை நடத்துகிறவரே அதை ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். நாம் பாடநூலில் படிக்கிற "திட்டமிடல், செயல்படுதல், உற்றுநோக்கல், சிந்தித்தல்" என்ற நான்கு படிகள் 1980களில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் கெம்மிஸ், மெக்டாகர்ட் இருவரும் வடித்துக் கொடுத்தவை.

இவற்றில் எதிலும் முன்தேர்வு, பின்தேர்வு கட்டாயம் என்று இல்லை. அது சோதனை முறை ஆய்விலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சுழற்சிதான் இதற்கு உயிர். ஒரு முறை செய்து பார்த்து, போதவில்லை என்று கண்டு, மாற்றி மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டாவது சுற்று இல்லாத அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எனக்கு வருத்தம் தந்தவை.

---

ஈராசிரியர் பள்ளி (தலைமையாசிரியை, தருமபுரி மாவட்டம்)

டீச்சர், நான் கணக்கில் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு வழி கிடைக்கலாம்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். நான்காம் வகுப்பில் இனமாற்றக் கழித்தல், அதாவது கடன் வாங்கிக் கழிப்பது, வரவே இல்லை. தப்பு என்று சிவப்பு மையில் அடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று, ஒரு வாரம் திருத்தாமல் தவறான விடைகளை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். 52-இலிருந்து 27 போனால் 35. 402-இலிருந்து 178 போனால் 376. வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது: இது கவனக்குறைவு கிடையாது. பிள்ளைகள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறார்கள். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5. அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறார்கள். விதிதான் தவறு.

பிறகு பயிற்சி நிறுவன ஆசிரியர் ஒருவர் சொன்னார், 1978-லேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் கழித்தலில் குழந்தைகள் செய்கிற இப்படிப்பட்ட தவறான விதிகளை வகைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள் என்று. அமெரிக்கப் பிள்ளைகள் செய்த அதே தவறை எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் செய்கிறார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

முதல் சுற்றில் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக் கொடுத்தேன். 5 கட்டு, 2 குச்சி. அதிலிருந்து 27 எடு. ஒரு கட்டை அவிழ்க்காமல் எடுக்க முடியாது. எல்லாருமே சரியாகச் செய்தார்கள். ஆனால் சிலேட்டில் அதே கணக்கைப் போட்டால் மறுபடியும் 35. இந்த இடம்தான் முக்கியம் டீச்சர். முதல் சுற்றிலேயே நிறுத்தியிருந்தால் "கற்றல் உபகரணம் வழி கழித்தல் மேம்பட்டது" என்று எழுதியிருக்கலாம். உண்மையில் குச்சிக்கும் சிலேட்டுக்கும் நடுவே பாலமே இல்லை.

இரண்டாவது சுற்றில், குச்சியைத் தொடும்போதே ஒவ்வோர் அசைவையும் பக்கத்தில் படமாக வரைந்து, அதற்கு நேராக எண்ணை எழுதச் சொன்னேன். கட்டை அவிழ்த்ததும் 5-ஐ அடித்து 4 என்று எழுது. 2-ஐ அடித்து 12 என்று எழுது. பிறகு குச்சி இல்லாமல் படம் மட்டும். கடைசியில் படமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. நடுவில் சுழி வருகிற 402 போன்ற கணக்கில் மட்டும் சிலர் இன்னும் தடுமாறுகிறார்கள். அதற்கு நூறு கட்டிய பெரிய கட்டு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன், மூன்றாவது சுற்றுக்கு.

ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு இதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்கவில்லை. திருத்துகிற நேரத்தில் திருத்துகிற விதத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

---

கேள்விக்குறி (பட்டதாரி ஆசிரியர்)

மேலே தலைமையாசிரியை எழுதியிருப்பது அருமை. அதை மனதாரச் சொல்லிவிட்டு, இந்த இழையில் யாராவது சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பார்த்த செயலாய்வு அறிக்கைகள் எல்லாவற்றிலும் வெற்றிதான். ஒன்றில்கூட "பலன் இல்லை" என்று வாசித்ததில்லை. முன்தேர்வில் குறைவு, பின்தேர்வில் அதிகம், ஆகவே என் உத்தி வென்றது என்று முடித்துவிடுகிறார்கள். இதில் நான்கு ஓட்டைகள். அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளைக்கு வினா ஞாபகம் இருக்கும். இரண்டு மாதம் போனால் ஒன்றுமே செய்யாவிட்டாலும் எட்டு வயதுப் பிள்ளை கொஞ்சம் வளரும். ஆசிரியர் தன் மேல் தனிக் கவனம் வைக்கிறார் என்றாலே பிள்ளை உற்சாகமாகும், அது உத்தியின் பலன் இல்லை. தேர்வு வைத்தவர், கற்பித்தவர், திருத்தியவர் மூவரும் ஒருவரே.

இதற்கு மேல், இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி-சோதனை வேறு. வகுப்பில் இருக்கிற பன்னிரண்டு பிள்ளைகள் எந்த மக்கள்தொகையின் மாதிரி? யாரிடமிருந்து தேர்ந்தெடுத்தோம்? 0.05 நிலையில் பொருளுடையது என்று எழுதுவதால் யாருக்கு என்ன தெரிகிறது?

இன்னொரு பக்கம், தொடக்கப் பள்ளி ஆசிரியர் மேல் ஏற்கெனவே எமிஸ் (பள்ளித் தகவல் இணையதளம்) பதிவு, செயலி வழி மதிப்பீடு, வாக்காளர் பட்டியல் வேலை என்று சுமை. 2007-இல், பிள்ளை அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றலை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அட்டை, ஏணி, மைல்கல் என்று எல்லாம் மேலிருந்து வந்தது. 2022-இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் பயிற்சி நூலும் கையேடும் மேலிருந்துதான். என்ன கற்பிக்க வேண்டும், எந்த வாரம் கற்பிக்க வேண்டும் என்று எல்லாம் முடிவான பிறகு ஆசிரியரை "நீ ஆய்வாளர்" என்றால் அவர் எதை ஆராய்வார்?

---

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

நண்பர் சொல்லும் நான்கு ஓட்டைகளும் உண்மை. மறுக்க ஒன்றும் இல்லை. புள்ளியியல் பற்றிச் சொன்னதும் சரி. ஒரு வகுப்புக்குள் செய்கிற வேலைக்கு டி-சோதனை தேவையே இல்லை. பன்னிரண்டு பிள்ளைக்குப் பன்னிரண்டு வரி எழுதுங்கள். யார் எங்கே இருந்தார், எங்கே வந்தார். சராசரி போட்டால் நகராமல் நின்ற பிள்ளை அதற்குள் காணாமல் போய்விடும். செயலாய்வுக்கு அந்தப் பிள்ளைதான் தேவை.

ஓட்டைகளை அடைக்க எளிய வழிகளும் உண்டு. வினா ஞாபகம் இருக்கும் என்றால், அதே கடினம் உள்ள வேறு பத்தி கொடுங்கள். வளர்ச்சிதான் காரணமோ என்ற ஐயம் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு குழுவுக்கு இந்த வாரம், அடுத்த குழுவுக்கு மூன்று வாரம் கழித்து. இரண்டாவது குழு தொடங்கும் முன்பே முன்னேறிவிட்டால் காரணம் உங்கள் உத்தி இல்லை. இதில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை, வரிசைதான் மாறுகிறது. திருத்துகிறவர் தானே என்ற குறைக்கு, விடைத்தாளைப் பெயரை மறைத்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஆனால் கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. திட்டம் மேலிருந்து வந்தால் ஆசிரியர் ஆராய ஒன்றும் இல்லை என்கிறீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அட்டைகளை உருவாக்கியதில் வகுப்பறை ஆசிரியர்களின் கை இருந்தது. மாநிலம் முழுக்க விரிந்தபோது அந்தக் கை சுருங்கிப்போனது என்பது என் கருத்து. அரும்பு நிலையில் ஒரு பிள்ளை ஏன் நின்றுவிட்டது என்று கையேடு சொல்லாது. அது பொதுவாக எழுதியது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பொதுப்பிள்ளை இல்லை.

---

கேள்விக்குறி

தவணை முறையில் தொடங்குவது நல்ல யோசனை. ஏற்கிறேன். ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லையே ஐயா? "பலன் இல்லை" என்று எழுதினால் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள்.

---

வட்டார வள மையம் (ஆசிரியர் பயிற்றுநர்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆசிரியர்கள் எழுதத் தயங்குகிறார்கள். பள்ளிப் பார்வைக்குப் போகும்போது நான் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர்களின் குறிப்பேட்டைத்தான் கேட்பேன். நாள் போட்டு எழுதிய நான்கு பக்கம் இருந்தாலே நல்ல ஆய்வு என்று எடுத்துக்கொள்கிறேன். "நான் எதிர்பார்த்தது இது, நடந்தது இது" என்ற இரண்டு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வருகைப் பதிவேடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆசிரியை "திங்கட்கிழமை வருகைக் குறைவு" என்று தலைப்பு எடுத்தார். கூட்டங்களில் எல்லாரும் சொல்வதுதான், ஞாயிறு விடுமுறை முடிந்து சோம்பல் என்று. அவர் பழைய பதிவேட்டை எடுத்து, பிள்ளைவாரியாகக் கிழமைவாரியாகக் கட்டம் போட்டார். திங்கட்கிழமை என்று ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பையன் சந்தை நாளில் மட்டும் வருவதில்லை, அம்மா காய் விற்கப் போகிறார். ஒரு பெண் பிள்ளை தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறாள்; அம்மாவுக்கு நூறு நாள் வேலை இருக்கிற வாரங்களில் மட்டும். இன்னும் இருவர் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். நான்கு பிள்ளைக்கு மூன்று காரணம். விழிப்புணர்வுப் பேரணி, வருகைக்குப் பரிசு என்று ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. தங்கச்சிக்கு அங்கன்வாடியில் இடம் கேட்டு வாங்கினார், அந்தப் பெண் பிள்ளை வர ஆரம்பித்தாள். சூளைப் பிள்ளைகளுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறார். நான் படித்ததில் எனக்கு மிகப் பிடித்த அறிக்கை அது.

---

மலையகத்து ரீச்சர் (நுவரெலியா மாவட்டம், இலங்கை)

வணக்கம். நாங்கள் இங்கே இதைச் செயல்நிலை ஆய்வு என்கிறோம். கல்வியியற் கல்லூரியிலும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலும் செய்யச் சொல்வார்கள். கேள்விக்குறி சேர் சொன்ன குறை இங்கேயும் உண்டு. கல்லூரி முடிந்ததும் அநேகம் பேர் விட்டுவிடுவார்கள்.

எனக்கு உதவியது ஒரேயொரு விஷயம்: இன்னொரு ஆசிரியர் வந்து என் வகுப்பில் உட்கார்ந்தது. நான் தரம் 3 படிப்பிக்கிறேன். சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று எனக்குக் கவலை. பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் என் வகுப்பின் இருக்கைப் படத்தை ஒரு தாளில் கீறிக் கொடுத்தேன். நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒரு புள்ளி. பிள்ளை பதில் சொன்னால் வட்டம். வேறொன்றும் எழுத வேண்டாம், எனக்குப் புத்தியும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பாடம் முடிந்து தாளைப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் முன் வரிசையிலும் நடு வழியின் இரு பக்கத்திலும். ஜன்னலோரத்தில் ஒரு புள்ளியும் இல்லை. நான் பேசாத பிள்ளைகள் என்று பட்டியல் போட்டிருந்தவர்களில் கனபேர் அந்த ஜன்னலோரத்தில்.

பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். பிள்ளைகளின் பெயர்களை ஐஸ்கிறீம் குச்சிகளில் எழுதிப் போத்தலில் போட்டு, எடுத்துக் கேட்டேன். கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் பதிலை எதிர்பார்த்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டது அது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீளுகின்றன. குச்சி முறை அரைகுறையாகத்தான் சரிவந்தது. பெயர் வந்தால் சில பிள்ளைகளுக்குப் பயம். "முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாகச் சொல், பிறகு எல்லாருக்கும் சொல்" என்று மாற்றியதும் சத்தம் வரத் தொடங்கியது. மூன்று எண்ணுவது எனக்குத்தான் கஷ்டம், இப்போதும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அதிபருக்கும் பெற்றோருக்கும் பரீட்சைப் புள்ளிகள் (மதிப்பெண்கள்)தான் கண்ணில் படும். அதனால் நான் தரம் 3-இலேயே செய்துகொள்கிறேன், அங்கே கொஞ்சம் மூச்சுவிட இடமிருக்கிறது.

---

தாளவாடி ஆசிரியர் (ஈரோடு மாவட்டம்)

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகளின் வீட்டுமொழி என்ன? எங்கள் பக்கம் பலருக்குக் கன்னடம். அவர்களும் நீங்கள் சொல்வது போலத்தான்: தமிழ் எழுத்தைக் கூட்டி அழகாக வாசிப்பார்கள், பொருள் தெரியாது. வீட்டில் வீட்டை மனெ என்றும் மழையை மளெ என்றும் கதவை பாகிலு என்றும் சொல்கிற பிள்ளை. மழை என்றால் ஊகித்துவிடும், கதவு என்றால் முடியாது. நான் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால், எந்தச் சொற்கள் ஊகிக்க முடியாதவை என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பட்டியல் போடுகிறேன். பட்டியலை அவர்கள்தான் தயாரிக்கிறார்கள். அந்தப் பத்துச் சொல்லைப் பேசிவிட்டு வாசித்தால் விடைகள் மாறுகின்றன. வாசிப்புப் பிரச்சினை என்று நாம் நினைப்பது சொல் தெரியாத பிரச்சினையாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்காமல் உத்தியைத் தொடங்காதீர்கள்.

---

மூன்றாம் வகுப்பு டீச்சர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

தாளவாடி சார், எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் நீங்கள் சொன்னதற்காக, இன்று அதே நரிக் கதையை நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். புத்தகம் கையில் இல்லை. கிட்டத்தட்ட எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், "அதுக்கு எட்டலை, அதான் போயிருச்சு" என்று. அப்படியானால் கதை புரிகிறது, சொல்லும் தெரிகிறது. புத்தகம் கைக்கு வந்ததும் யோசிக்கிற வேலை நின்றுவிடுகிறது. விடை என்றால் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரி என்று நினைக்கிறார்கள்.

ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று என் கேள்விகளைப் புரட்டினேன். பயிற்சி ஏடு, கரும்பலகை இரண்டிலும் நான் கேட்டிருக்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதினால் போதும் என்ற வகைதான். யார், எங்கே, எப்போது. ஏன் என்ற கேள்வி எப்போதாவது வருகிறது.

---

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

டீச்சர், ஒரே நாளில் படிவத்தின் பாதி முடிந்துவிட்டது. சிக்கலின் பின்னணி இதுதான். வாய்மொழியில் சொன்னால் புரிகிறது, நூலில் வாசித்தால் புரியவில்லை என்று பிரித்துக் காட்டிவிட்டீர்கள். இனி "வினா வகையை மாற்றினால், வரியைத் திரும்ப வாசிக்கும் பழக்கம் குறைகிறதா?" என்று ஒரு கேள்வி போதும்.

---

பள்ளி மேலாண்மைக் குழு அம்மா

நான் ஆசிரியர் இல்லை, என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஆய்வு ஆய்வு என்று எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறீர்களா? ஒரு கூட்டத்தில் ஓர் ஆசிரியர் தடுமாறி வாசிக்கிற பிள்ளையின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். முன்பு இப்படி, இப்போது இப்படி என்று. முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

---

ஈராசிரியர் பள்ளி

அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். எங்களில் பலர் யோசிக்காத இடம் அது. நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும், அது வகுப்பை விட்டு வெளியே போகாது. வெளியே கொடுக்கிற அறிக்கையில் பெயர் கிடையாது, எங்கள் ஊர் சின்னது என்பதால் "செங்கல் சூளைக் குடும்பம்", "அப்பா இல்லாத பிள்ளை" போன்ற அடையாளமும் கிடையாது. ஒலிப்பதிவு செய்தால் வீட்டில் சொல்லிவிட்டுத்தான், கேட்டு எழுதிய பிறகு அழித்துவிடுவேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடுவதில்லை. சோதனையா என்று கேட்டீர்கள். ஒரு பிள்ளைக்கு நல்லது என்று தெரிந்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்து ஒப்பிடுவது தொடக்கப் பள்ளியில் கூடவே கூடாது. நாங்கள் மாற்றிப் பார்ப்பது எங்கள் கற்பித்தலைத்தான்.

---

வட்டார வள மையம்

என் பார்வைக் குறிப்பில் இதைச் சேர்த்துக்கொள்கிறேன். மேலே நான் சொன்ன வருகை அறிக்கையிலும் பெயர்கள் இல்லை, ஆனால் தலைமையாசிரியை சொல்கிற மாதிரி அடையாளம் இருந்தது. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.

---

மூன்றாம் வகுப்பு டீச்சர்

திட்டம் போட்டுவிட்டேன். குறை சொல்லுங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல், புதிய ஒரு குட்டிக் கதையை ஒவ்வொருவராக வாசிக்க வைத்து மூன்று கேள்வி கேட்பேன். ஒன்றுக்கு விடை வரியில் நேரடியாக இருக்கும். ஒன்றுக்கு இரண்டு வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு விடை எழுத்தில் இருக்காது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை வரியை வாசித்தால் "வ" என்றும் சொந்தமாகச் சொன்னால் "சொ" என்றும் குறித்துக்கொள்வேன். சரியா தவறா என்பது தனி.

பிறகு பாதிப் பிள்ளைகளோடு தொடங்குவேன். கதையைப் பாதியில் நிறுத்தி, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப என்ன நடந்துச்சு, அடுத்து என்ன ஆகும்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்வேன். மலையகத்து ரீச்சர் சொன்ன பக்கத்துப் பிள்ளை முறை. மீதிப் பேருக்கு மூன்று வாரம் கழித்து. நடுவில் பக்கத்து வகுப்பு சார் ஒரு நாள் வந்து, நான் "ஏன்" எத்தனை முறை கேட்கிறேன் என்று மட்டும் குறிப்பார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பாதிப் பேர் மட்டும் செய்தால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள்?

---

கேள்விக்குறி

கேட்பார்கள். எண்ணும் எழுத்தும் குழு வேலையில் ஒரு குழு பயிற்சி நூல் எழுதும் நேரத்தில் இன்னொரு குழுவோடு தனியாக உட்காருங்கள். முழுக்கத் தடுக்க முடியாது, "கேட்டிருக்கலாம்" என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். என் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்று: முடிந்த உடனே அளப்பதோடு விடாதீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், யாரிடமும் சொல்லாமல், புதிய கதை ஒன்றை வாசிக்கச் சொல்லி அதே மூன்று வகைக் கேள்வியைக் கேளுங்கள். பழக்கம் நின்றதா, பழையபடி வரியைத் தேடுகிறார்களா என்று அப்போதுதான் தெரியும். என்ன வந்தாலும் இங்கே போடுங்கள். பழையபடிதான் என்று வந்தாலும் போடுங்கள், அதை வாசிக்க நான் ஆவலாக இருக்கிறேன். பெயர் மறைத்த குறிப்பேட்டுப் பக்கங்களைப் பார்த்துத் தரவும் தயார்.

---

மூன்றாம் வகுப்பு டீச்சர்

கண்டிப்பாகப் போடுகிறேன் சார். கடைசியாக ஒரு சந்தேகம். பிள்ளைகளுக்குப் படக்கதை என்றால் ஆசை. சோதிக்கிற கதையைப் படத்தோடு கொடுக்கலாமா?

---

ஈராசிரியர் பள்ளி

கற்பிக்கும்போது படத்தோடு கொடுங்கள். சோதிக்கிற கதையில் வேண்டாம். படம் இருந்தால் "நரி ஏன் போச்சு" என்பதற்கு விடையைப் படத்திலிருந்து சொல்லிவிடுவார்கள், வாசித்ததிலிருந்து சொன்னார்களா என்று உங்களுக்குத் தெரியாது. எழுத்து பெரிதாக, ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரிக்கு மேல் போகாமல், பிள்ளைகள் முன்பு கேட்டிராத கதையாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் நான் கையால் எழுதி வைத்திருக்கிற கதைகள் சில இருக்கின்றன, தட்டச்சு செய்து நாளை இதே இழையில் போடுகிறேன்.